கயிறு வழியே இறங்கும் பதற்றம்: ‘பெஸ்ட் இன் ஷோ’ படமும் நம் ஊர் ரிங்கும்

எம்கேஏ (மலேசிய நாய் வளர்ப்போர் சங்கம்) சர்டிபிகேட்டோடு குட்டி வாங்கி, மாதக்கணக்கில் வளர்த்து, முதல் நாய்க் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரே ஒரு படம் சொல்லச் சொன்னால் ‘பெஸ்ட் இன் ஷோ’வைத்தான் சொல்வேன். 2000-இல் வந்தது, 90 நிமிடம் ஓடும். கிறிஸ்டோபர் கெஸ்ட் இயக்கம். கதையை அவரும் யூஜின் லெவியும் சேர்ந்து அமைத்தார்கள். சிரிப்புப் படம்தான், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் நாயை ரிங்குக்குள், அதாவது நடுவர் பார்வையிடும் வளையத்துக்குள், நடத்திப் பழகியவர்கள் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். படத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை கயிறு பிடித்த கையில் தொடங்கி, கயிறு வழியே இறங்கி, நாயின் உடம்பில் போய் முடிகின்றன.

ஆவணப்படம் போலவே எடுத்த கற்பனைக் கதை இது. ஆட்கள் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். பின்னணியில் சிரிப்புச் சத்தம் கிடையாது. சண்டைக் காட்சியும் இல்லை. வசனத்தை முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. எந்தக் காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்ற வரைவு மட்டும் கையில் இருக்க, நடிகர்கள் அந்த இடத்திலேயே பேசினார்கள். அப்படி எடுத்த பல பத்து மணி நேரக் காட்சியை வெட்டி ஒன்றரை மணி நேரமாக்கியிருக்கிறார்கள். அதனால்தான் பேச்சு முந்திக்கொண்டும் முட்டிக்கொண்டும் போகிறது. ஆங்கிலம் வேகம், எழுத்து வசனத்தைப் போட்டுக்கொண்டு பாருங்கள். முதல் இருபது நிமிடம் மெதுவாக இருப்பதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு வீட்டுக்காரரின் குணமும் விதைக்கப்படுகிறது, எழுந்து போய்விடாதீர்கள்.

ஃபிலடெல்ஃபியாவில் நடக்கும் மேஃபிளவர் என்ற கற்பனைக் கண்காட்சிக்கு ஐந்து நாய்கள் புறப்படுகின்றன. ஃபுளோரிடாவிலிருந்து ஒரு நடுத்தரக் குடும்பம், அவர்களுடைய நார்விச் டெரியர் விங்கி. இருவரும் பல்லில் கம்பி கட்டிய, எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் வக்கீல் தம்பதி, அவர்களுடைய வைமரானர் பியாட்ரிஸ். தெற்கத்தி கிராமத்தில் தூண்டில் கடை வைத்திருக்கும் ஹார்லன் பெப்பர், அவருடைய பிளட்ஹவுண்ட் ஹியூபர்ட். நியூயார்க்கிலிருந்து வரும் ஓர் ஆண் ஜோடி, அவர்களுடைய ஷிட்சு மிஸ் ஆக்னஸ். கடைசியாக, தொடர்ந்து 2 ஆண்டு வென்ற ஸ்டாண்டர்ட் பூடில். அதை நடத்த சம்பளத்துக்கு ஒரு ஹேண்ட்லர், பணம் போட ஒரு பணக்கார எஜமானி. மெர்போக் புறாக்களின் கூவல் போட்டிக்குக் கூண்டைத் துணி போர்த்தித் தூக்கிப் போகிறவர்களையும், ஜல்லிக்கட்டுக் காளையைப் பிள்ளை போல வளர்க்கிறவர்களையும் அறிந்த நமக்கு இந்த ஐந்து வீடும் அந்நியமாக இருக்காது.

நடித்த நாய்களில் பல, கனடாவில் நிஜமாகவே சாம்பியன் பட்டம் வாங்கியவை. படத்தின் பெரும்பகுதி வான்கூவரில் எடுக்கப்பட்டது. நாய் சம்பந்தப்பட்ட மற்றப் படங்களில் ரிங் காட்சி வந்தால் கண் கூசும்: நாய் வலப்பக்கம் நடக்கும், கயிறு கழுத்தின் அடியில் தொங்கும், ஹேண்ட்லர் நாய்க்கும் நடுவருக்கும் நடுவே வந்து நிற்பார். இங்கே நாய்களின் ஓட்டத்தைக் கவனியுங்கள். முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும் சீரான டிராட். நம் ஊரில் புதியவர்கள் நடத்தும்போது நாய் ஒரே பக்கத்து இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி, ஒட்டகம் மாதிரி ஆடி ஆடி வரும். காரணம் பெரும்பாலும் வேகம். ஆள் மெதுவாக நடந்தால் நாய் அந்த நடைக்கு இறங்கிவிடும், களைத்தாலும் இறங்கும். நிறுத்தி, கயிற்றை மேலே ஒருமுறை லேசாகத் தூக்கி, முதல் மூன்று அடியை விரைவாக வைத்துக் கிளம்பினால் டிராட் வந்துவிடும். உங்கள் நாய்க்குச் சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க வேறொருவரை நடத்தச் சொல்லி, பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள்.

படத்தின் உயிர்நாடி தேனீ பொம்மைக் காட்சி. பியாட்ரிஸின் பொம்மை தொலைந்துபோகிறது. வக்கீலம்மா ஹோட்டல் அறையைப் புரட்டிப்போடுகிறார், வேலையாட்கள் மீது பாய்கிறார், கடைசியில் நாய்க்கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் பாவம், இருப்பதையெல்லாம் எடுத்து நீட்டுகிறார். ஒன்று தேனீ உடுப்புப் போட்ட கரடி. அது கரடி, தேனீ இல்லை என்று அந்த அம்மா கத்துகிற கத்தலில் கடையே நடுங்குகிறது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். கண்காட்சிக்குப் போய்ப் பழகியவர்கள் அந்த நேரத்தில் நாயின் நிலையை நினைப்பார்கள். நாய்க்குப் பொம்மையின் உருவம் முக்கியமில்லை, அதில் ஊறிய வாசனைதான் வேண்டும். கடையிலிருந்து அதே தேனீயே புதிதாகக் கிடைத்திருந்தாலும் அது வேறு பொருள்தான். பொம்மை இல்லாததால் நாய்க்கு வந்த குறையைவிட, ஒரு மணி நேரமாக எஜமானியின் குரலில் ஏறிய சூடு செய்த கெடுதல் பெரிது. பிறகு ரிங்கில் நடுவர் மீது பாய்ந்து வெளியேற்றப்படும்போது அந்தச் சூடுதான் நாயின் வழியாக வெளியே வருகிறது.

இதற்கு மருந்து சுலபம். ஒரே பொம்மையில் இரண்டு வாங்குங்கள். கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பிருந்தே நாள் மாற்றி நாள் இரண்டையும் கொடுங்கள், துவைக்காதீர்கள். ஒன்று நாயின் கூண்டிலும் இன்னொன்று கார் டிக்கியிலும் போகட்டும். கயிறும் அப்படியே, இரண்டு. நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய ஷோ லீட்களில் கொக்கி இணையும் தையல்தான் முதலில் விட்டுப்போகும்; கண்காட்சிக்கு முந்தின இரவு அதை விரலால் இழுத்துப் பாருங்கள்.

வைமரானர் வைத்திருப்பவர்கள் இந்தக் காட்சிகளை இரண்டு தடவை பார்ப்பது நல்லது. வேட்டைக்காக உருவாக்கிய இனம், ஆளை விட்டு நகராத இனம். எஜமானின் மூச்சு மாறினாலே அதற்குத் தெரியும். கொண்டோவில் வைத்து, காலை ஏழரைக்கு முன் நல்ல ஓட்டம் கொடுக்காமல், சனிக்கிழமை மட்டும் ஷோ பயிற்சிக்கு இழுத்துப்போனால் அது நடுவர் கை வைக்கும் வரைகூடத் தாங்காது. பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் நடத்தாதீர்கள். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் பொறுக்காது.

இன்னொரு இடம். இறுதிச் சுற்றுக்கு முன் விங்கியின் எஜமானிக்கு முழங்கால் பிசகிவிடுகிறது. பிறவியிலேயே இரண்டும் இடது பாதமாக அமைந்தவர் அவருடைய கணவர். வேறு வழியில்லாமல் அவர் கயிற்றைப் பிடித்து ரிங்கில் இறங்க வேண்டியதாகிறது. மிகைப்படுத்திய வேடிக்கை என்று நினைக்கலாம். நம் ஊர் அரங்குகளில் இது அடிக்கடி நடக்கிற காரியம்: அம்மாவுக்கு மயக்கம், அண்ணனுக்குக் கணுக்கால், ஒரே நேரத்தில் இரண்டு ரிங்கில் அழைப்பு. கயிறு கைமாறிய உடனே நாய் திரும்பித் திரும்பிப் பழைய ஆளைத் தேடும். வீட்டில் ஒருவர் மட்டும் நடத்திப் பழக்கிய நாய் என்றால் கதை அங்கேயே முடிந்தது. ஆகவே வீட்டில் இரண்டு பேர் பழகுங்கள். முதல் ஆள் வாரம் நான்கு நாள், இரண்டாம் ஆள் வாரம் இரண்டு நாள், தடவைக்குப் பத்து நிமிடம் போதும். இருவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் ‘நில்லு’ என்றும் மற்றவர் ‘ஸ்டே’ என்றும் சொன்னால் நாய் இரண்டுக்கும் நிற்காது. கயிறு கைமாறிய பின் பழைய ஆள் நாயின் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். வெளியே நின்று கைதட்டிக் கூப்பிடுவதைப் பாசம் என்று நினைத்துச் செய்கிறார்கள். உள்ளே இருப்பவரின் வேலையை அது கெடுக்கிறது.

சம்பளத்துக்கு ஹேண்ட்லர் வைக்க நினைப்பவர்களுக்கு அந்தப் பூடில் கதை. ஹேண்ட்லராக ஜேன் லிஞ்ச், எஜமானியாக ஜெனிஃபர் கூலிட்ஜ். நாயை யார் எப்படி நடத்துவது என்பதில் யார் சொல் செல்லும் என்று பார்த்துக்கொண்டே இருங்கள். நிஜத்தில் இங்கே பணம் போடுகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முன்கூட்டிப் பேசி எழுதிக்கொள்வது. குளிப்பாட்டுவது, முடி வேலை, ரிங் கட்டணம், போக்குவரத்து யார் பொறுப்பு. நாய் யார் வீட்டில் தங்கும். வென்றால் தனித் தொகை உண்டா. வாய் வார்த்தையில் விட்டால் மூன்றாவது கண்காட்சியில் சண்டை வரும்.

நம் ஆட்கள் படத்தைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடமும் உண்டு. படத்தில் ஷிட்சு டாய் பிரிவில் வெல்கிறது, பூடில் அதன் பிரிவில் வெல்கிறது, இரண்டும் இறுதிச் சுற்றில் சேர்ந்து நிற்கின்றன. அமெரிக்க முறையில் நாய் இனங்களை 7 குழுக்களாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு குழுவிலும் வென்ற ஒரு நாய்தான் இறுதிக்குப் போகும். அங்கே அது நடக்கும். எம்கேஏ சேர்ந்திருக்கும் எஃப்சிஐ என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு 1911-இல் தொடங்கியது, அதன் முறையில் குழுக்கள் 10. அந்த வரிசையில் ஷிட்சுவும் பூடிலும் ஒரே 9-ஆம் குழு. ஸ்டாண்டர்ட் பூடில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் அதே குழுதான். ஆகவே எஃப்சிஐ முறையில் அந்த இரண்டில் ஒன்றுதான் மேலே போகும். நார்விச் 3-ஆம் குழு, பிளட்ஹவுண்ட் 6, வைமரானர் 7. உங்கள் நாய் எந்தக் குழு, அந்தக் குழுவில் அன்றைக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டலாக்கில் பார்த்துவிட்டுப் போனால் வீண் ஏமாற்றம் குறையும்.

அடுத்த தப்பு, எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்ற நினைப்பு. கதைக்காக ஒரு கண்காட்சியில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டார்கள். வயதுவாரியான வகுப்புச் சுற்று, ஒரே இன நாய்கள் மோதும் இனச் சுற்று ஆகியவை ஏறக்குறைய காணாமல் போய்விட்டன. நம் ஆட்களின் பெரும்பாலான நாய்கள் நின்றுபோவது அந்தச் சுற்றுகளில்தான், அங்கேதான் தயாரிப்பு வேண்டும். சர்வதேச அழகுச் சாம்பியன் பட்டத்துக்கு எஃப்சிஐயின் பொது விதிப்படி சர்வதேசக் கண்காட்சிகளில் தரும் சிஏசிஐபி சான்று 4 தேவை. 3 நாட்டில், 3 வேறு நடுவர்களிடம், முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே குறைந்தது ஓர் ஆண்டும் ஒரு நாளும். தாய்லாந்து, சிங்கப்பூர் என்று போய் வருகிறவர்களுக்குத்தான் இதன் அலைச்சல் தெரியும்.

முடி விஷயத்தைப் படம் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போகிறது. எனக்கு அதுதான் குறை, ஏனென்றால் கண்காட்சி வாழ்க்கையில் பாதி நேரம் முடியில்தான் கழிகிறது. விங்கியின் சொரசொரப்பான முடி மெஷின் போட்டு வந்ததில்லை. நார்விச்சின் முடியைக் கையால் பிடுங்க வேண்டும்: கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சில முடியை மட்டும் நுனியில் பிடித்து, வளரும் திசையிலேயே, தோலை மறு கையால் இழுத்துப் பிடித்தபடி. காய்ந்த முடி தானாகக் கழன்று வரும், நாய்க்கு வலிக்காது. வழுக்கினால் விரலில் கொஞ்சம் சாக் தூள். வாரம் ஒருமுறை சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே இருந்தால் கோட் எப்போதும் தயாராக இருக்கும். மொத்தமாக எடுத்தால் மறுபடி ரிங்குக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். நம் ஊர்க் குரூமிங் கடையில் டெரியரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் மெஷின் போட்டுவிடுவார்கள். மெஷின் முடியைப் பாதியில் வெட்டும். செத்த வேர் உள்ளேயே தங்கும். மேலே மென்முடி எழும்பி நிறமும் வெளுத்துவிடும். மேசையில் ஏற்றும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள்: ‘மெஷின் வைக்க வேண்டாம்ணே, கைதான்.’ கையால் செய்யத் தெரியாது என்றால் குளிப்பாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஷிட்சுவுக்கு நம் காற்று பகை. ஈரப்பதம் இவ்வளவு இருக்கும் ஊரில் முடியின் மேற்பகுதி காய்ந்ததும் வேலை முடிந்தது என்று புளோவரை அணைத்துவிடுகிறார்கள். அடியில், தோலை ஒட்டி, ஈரம் நிற்கும். இரண்டு நாளில் புளிச்ச நாற்றம், நாலாம் நாள் அரிப்பு, சிடுக்கு. மிதமான சூட்டில், முடியை வரிவரியாகப் பிரித்து, தோல் தெரியும் இடத்தில் காற்று படும்படி காய வைக்க வேண்டும். விரலைத் தோலில் வைத்தால் குளிர்ச்சி தட்டக் கூடாது. காய்ந்த முடியை அப்படியே சீவாதீர்கள், உடையும். தண்ணீரில் சில சொட்டு கண்டிஷனர் கலந்து தெளித்துவிட்டுப் பின் பிரஷ். நெற்றிக் கொண்டையை இறுக்கிக் கட்டினால் கண்ணின் ஓரம் இழுபடும். நாய் தரையில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து முடியை அறுத்துக்கொள்ளும். கட்டிய பின் ஒரு சீப்புப் பல் உள்ளே நுழைந்து லேசாக முடியைத் தளர்த்த வேண்டும், அதுதான் அளவு.

குட்டை மூக்குள்ள நாய்க்கு வெயில் ஆபத்து. நாயின் உடம்புச் சூடு இயல்பிலேயே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே மோசம். காத்திருக்கும் இடத்தில் பேட்டரி விசிறி, ஈரத்துண்டு, தண்ணீர் மூன்றும் கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். காருக்குள் ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.

படத்தில் ஒரு ஹோட்டல் முழுக்க நாய்களும் நாய்க்காரர்களும் தங்குகிறார்கள். கோலாலம்பூரில் அந்தச் சுகம் கிடையாது, பெரும்பாலான ஹோட்டல்களில் நாய்க்கு இடமில்லை. பினாங்கிலிருந்து போட்டிக்கு வருகிறவர்கள் விடியற்காலை கிளம்பி அன்றைக்கே திரும்புவது அதனால்தான். அப்படி வந்தால் வழியில் தைப்பிங், ஈப்போ பக்கம் ஒருமுறை, தஞ்சோங் மாலிம் பக்கம் ஒருமுறை நாயை இறக்கிக் கால் நீட்ட விடுங்கள். காலை உணவு பாதி அளவோடு நிற்கட்டும். ரிங் அழைப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்தால் நாய் அந்த இடத்தின் வாசனைக்குப் பழகும். பளிங்குத் தரை வழுக்கும் அரங்குகளுக்காகப் பாத விரல்களுக்கு நடுவே வளர்ந்த முடியை முந்தின நாளே வெட்டிவிடுங்கள்.

படத்தில் ஹேண்ட்லர்கள் உடுத்துவதைக் கவனிக்கலாம். வெள்ளை நாய்க்கு அடர்நிற உடை, கறுப்பு நாய்க்கு வெளிர் உடை என்பது எளிய கணக்கு. நாயின் மேற்கோடு, அதாவது முதுகின் வரி, நடுவர் கண்ணில் தெளிவாக விழ வேண்டும். நம் பெண்களுக்கு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: சுடிதார் போட்டால் துப்பட்டாவைப் பின் போட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். மேசையில் நிற்கும் சின்ன நாயின் முகத்தில் துப்பட்டா நுனி விழுந்தால் நடுவர் பல்லைப் பார்க்கக் கை நீட்டும் அதே நொடியில் நாய் குனிந்துவிடும். கொலுசு, வளையல், பாக்கெட்டில் சில்லறை எதுவும் சத்தம் போடக் கூடாது. எண் அட்டை இடக்கையில்.

கண்காட்சியே பார்த்திராதவர்களுக்கு, வர்ணனையாளராக வரும் ஃப்ரெட் வில்லார்ட் பெரிய துணை. அவருடைய பாத்திரத்துக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வாய் ஓயாது. பக்கத்தில் விஷயம் தெரிந்த ஜிம் பிடாக் பொறுமையாகத் திருத்திக்கொண்டே இருப்பார். அந்தத் திருத்தங்களைக் காதில் வாங்கினால் அடிப்படை விளங்கும். நடுவர் ஒரு நாயை மற்ற நாயோடு ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு நாயையும் அந்த இனத்துக்கென்று எழுதி வைத்த தரக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். பிளட்ஹவுண்ட் அழகா, ஷிட்சு அழகா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இன்னும் ஒரு செய்தி. இந்தப் படத்தைப் பார்த்த உந்துதலில்தான் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 2002 முதல் நன்றி நவிலல் நாளில் நிஜ நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பத் தொடங்கியது. அதுவும் ஃபிலடெல்ஃபியா கென்னல் கிளப் நடத்தும் கண்காட்சியை.

குடும்பத்தோடு பார்க்கிறவர்களுக்கு எச்சரிக்கை: விங்கியின் எஜமானியின் பழைய காதலர்கள் வழிநெடுகத் தலைகாட்டுவார்கள், பேச்சு பச்சையாக இருக்கும். பியாட்ரிஸின் முதல் காட்சியே மனநல ஆலோசகரிடம் படுக்கையறை விவகாரம். பதின்மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். பிளட்ஹவுண்ட்காரர் தனியாகப் பேசும் இடங்கள் எல்லாருக்கும் பொருந்தும், அவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து வீட்டில் நாயிடம் தன் குறையை ஏற்றாத ஒரே மனிதர். கிறிஸ்டோபர் கெஸ்ட்டே அந்த வேடம்.

யார் வென்றார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. முடிவு தெரிந்த பிறகு மறுபடி ஒருமுறை போட்டு, ரிங் காட்சிகளில் மட்டும் ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஹேண்ட்லரின் இடக்கையையும் தொடருங்கள்: எங்கே கயிறு விறைக்கிறது, எங்கே தொய்கிறது, அதற்கு அடுத்த அடியில் நாயின் வால் எந்தப் பக்கம் போகிறது.